அல்ட்ராஃபயர் 502பி: குழாயை வாங்கலாம், பேட்டரிச் செல்லை வாங்காதீர்கள்

அல்ட்ராஃபயர் என்ற சீனப் பெயரில் வரும் டபிள்யூ.எஃப்.502பி என்ற மலிவு டார்ச்சைப் பற்றி எழுதும் எவரும் முதலில் அதன் முன்மாதிரியான ஷ்யூர்ஃபயர் 6பி டார்ச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1979-இல் லேசர் ப்ராடக்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஷ்யூர்ஃபயர் என்று பெயர் மாறிய கலிஃபோர்னிய நிறுவனத்தின் படைப்பு அது. ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிமனுள்ள அலுமினியக் குழாய். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிஆர்123ஏ லித்தியம் செல்கள். தலைப்பகுதியில் பல்பும் ரிஃப்ளெக்டரும் ஒன்றாக இணைந்த, கழற்றி மாற்றக்கூடிய பி60 என்ற மாட்யூல். அந்த மாட்யூல் 65 லுமென் வெளிச்சம் தரும், ஒரு சோடி செல்லில் ஒரு மணி நேரம் எரியும் என்று நிறுவனம் அறிவித்தது. இன்றைய சந்தையில் 65 என்ற எண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கனத்த டி அளவு பேட்டரிகளை வரிசையாக அடுக்கிய நீளமான டார்ச்சுகளைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குழாயிலிருந்து அவ்வளவு வெளிச்சம் வந்தது வியப்பாகவே இருந்தது. அச்சிட்டதைவிடக் குறைவாக ஒருபோதும் தராத நிறுவனம் என்ற நல்ல பெயர் ஷ்யூர்ஃபயருக்கு ஆர்வலர்களிடையே நிலைத்ததற்கு அத்தகைய அடக்கமான எண்களே காரணம்.

502பியை 6பியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு உறவுமுறையை எடுத்துச் சொல்லத் தேவையிருக்காது. குழாயின் தடிமன், தலைப்பகுதி விரியும் விதம், மாட்யூல் உட்காரும் இடம், வால்மூடியின் திருகு எல்லாமே அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயரிலும் அதே நெருக்கம் தெரிகிறது. ஷ்யூர்ஃபயரின் புகழுக்குப் பின்னால் அல்ட்ராஃபயர், ட்ரஸ்ட்ஃபயர், ஸ்பைடர்ஃபயர் என்று வரிசையாக வந்த சீனப் பெயர்கள், அந்தப் புகழின் ஒரு துண்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் நோக்கத்தோடு சூட்டப்பட்டவை என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அல்ட்ராஃபயர் பொருள் எதையும் தொடமாட்டேன் என்று உறுதியாக நிற்கும் ஆர்வலர்கள் உண்டு. அவர்கள் நிலைப்பாட்டை மதிக்கிறேன். ஆனாலும் இந்த டார்ச்சை மதிப்பிடுவதற்கு அது போதுமான அளவுகோல் அல்ல என்று கருதுகிறேன்.

டார்ச்சின் வடிவத்துக்கு யார் சொந்தம் கொண்டாடலாம் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது உண்டு. மேக்லைட் டார்ச்சுகளைச் செய்யும் மேக் இன்ஸ்ட்ரூமென்ட் நிறுவனம், தன் டார்ச்சுகளின் உருவத்தையே வணிக முத்திரையாகப் பதிவு செய்து தரும்படி ஐரோப்பிய ஒன்றியத்தில் விண்ணப்பித்தது. அந்த உருவங்கள் சந்தையிலுள்ள பிற டார்ச்சுகளின் வழக்கமான உருவத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகி நிற்கவில்லை என்ற அடிப்படையில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 2004 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அந்த மறுப்பை உறுதி செய்தது. ஒரு முனையில் விளக்கும் மறுமுனையில் சுவிட்சும் கொண்ட குழாய் என்பது பெருமளவு அதன் வேலையே தீர்மானிக்கும் உருவம். ஆகவே உருவ ஒற்றுமையை மட்டும் வைத்து ஒரு டார்ச்சைத் திருட்டு என்று தள்ளிவிட முடியாது. நகலெடுத்தவர் எடுத்ததை வைத்து என்ன செய்தார், அதைப் பற்றி வாங்குபவரிடம் என்ன சொன்னார் என்ற இரண்டையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வியில் 502பி நன்றாகவே தேறுகிறது. சிஆர்123ஏ செல்லின் விட்டம் 17 மில்லிமீட்டர். மடிக்கணினி பேட்டரிகளால் உலகமெங்கும் பரவிய 18650 லித்தியம் அயன் செல்லின் விட்டம் 18 மில்லிமீட்டர். நீளத்தைப் பொறுத்தவரை, இரண்டு சிஆர்123ஏ செல்கள் நிற்கும் இடத்தில் ஒரு 18650 ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். அந்த ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் குறுக்கே நின்றது. பழைய 6பி குழாய்க்குள் 18650 நுழையாது என்பதால், லேத்தில் கொடுத்து உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்திக்கொண்ட ஆர்வலர்கள் அமெரிக்காவில் பலர் இருந்தார்கள்; இந்த வேலையைக் கூலிக்குச் செய்து தந்தவர்களும் இருந்தார்கள். 502பியும் அதன் அண்ணனான 501பியும் தொடக்கத்திலேயே 18650க்கு இடம்விட்டுத் துளையிடப்பட்டு வந்தன. இதன் பலனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 3 வோல்ட், ஏறத்தாழ 1,500 எம்.ஏ.எச். (மில்லியாம்பியர்-மணி, அதாவது செல்லின் கொள்ளளவு) கொண்ட இரண்டு சிஆர்123ஏ செல்களில் சுமார் 9 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. தீர்ந்தவுடன் குப்பையில் போட வேண்டும். 3.6 வோல்ட், 3,500 எம்.ஏ.எச். கொண்ட ஒரு நல்ல 18650இல் 12.6 வாட்-மணி இருக்கிறது. சில நூறு முறை மறுபடி சார்ஜ் செய்யலாம். அசலை வைத்திருந்தவர்கள் கூலி கொடுத்துச் செய்துகொண்ட திருத்தத்தை மலிவு நகல் கூடுதல் விலையின்றிக் கொடுத்தது என்பதை, நகலை வெறுப்பவர்களும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

குழாயின் பிற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய 6பியின் வால்மூடியில் அழுத்தினால் மட்டும் எரிந்து, விரலை எடுத்தால் அணையும் பொத்தான் இருந்தது. தொடர்ந்து எரிய வேண்டுமானால் மூடியைத் திருக வேண்டும். 502பியில் இருப்பது 'டக்'கென்று அழுத்தி விட்டால் எரியும் சுவிட்ச். வீட்டுப் பயன்பாட்டுக்கு இதுவே வசதி. ஒரு நொடி எரியவிட்டு உடனே அணைக்க வேண்டிய காவல் பணிக்குப் பழைய முறையே மேலானது. இந்த விலைப் பிரிவில் வரும் எந்த டார்ச்சின் மரையையும் வாங்கியவுடன் துடைத்து, ஓ-ரிங்கோடு சேர்த்து ஒரு துளி சிலிக்கான் கிரீஸ் தடவிவிடுவது நல்ல பழக்கம்.

மாட்யூலுக்கு வரும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனெனில் பி60 வடிவத்தின் அழகும் குறையும் அங்கேதான் ஒன்றாக இருக்கின்றன. பல்பு காலத்தில் வகுத்த அளவு இது. விளக்கை அப்படியே வெளியே எடுத்து வேறொன்றைப் போடலாம் என்பதால், பல்பு போய் எல்.இ.டி. வந்தபோது பழைய டார்ச்சுகள் வீணாகவில்லை. புதிய மாட்யூல் ஒன்றை வாங்கிப் போட்டால் பழைய குழாய் புதிய டார்ச்சாகிவிடும். ஆனால் பல்பு தன் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கதிராக முன்பக்கம் அனுப்பிவிடும், எல்.இ.டி.யோ தன் வெப்பத்தைப் பின்பக்கமாக, தான் உட்கார்ந்திருக்கும் உலோகத்துக்குள் இறக்கும். மாட்யூலுக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருக்கிறது. இரண்டையும் தொடர்புபடுத்துவது பெரும்பாலும் வெளிப்புற ஸ்பிரிங் மட்டுமே. அதனால் வெப்பம் மாட்யூலின் பித்தளைக்குள்ளேயே தேங்கி எல்.இ.டி.யைச் சுடவைக்கிறது. குழாய் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கையில் பிடித்திருப்பவர் மகிழ்ச்சியடையக் கூடாது. வெப்பம் வெளியே வரவில்லை என்பதற்கான அடையாளம் அது. பி60 அளவைப் பின்பற்றும் எல்லா டார்ச்சுகளுக்கும், அசலுக்கும் சேர்த்து, உள்ள குறை இது.

இதற்கு ஆர்வலர்கள் கண்ட தீர்வு எளிமையானது. மாட்யூலை வெளியே எடுத்து, ரிஃப்ளெக்டரின் வெளிப்புறத்தைச் சுற்றி அலுமினியத் தகடோ, அதைவிட நல்லதாகச் செம்புத் தகடோ அடுக்கடுக்காகச் சுற்ற வேண்டும். குழாய்க்குள் தள்ளும்போது விரலால் அழுத்தினால் மட்டுமே இறங்கும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் தகடே போதும். அதை நீளவாக்கில் மடித்து, சுருக்கம் விழாமல் சுற்றி, ஓரங்களை நகத்தால் நீவிவிட்டு உள்ளே இறக்கிய பிறகு, முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் சில நிமிடங்களில் கழுத்துப்பகுதி சுடத் தொடங்கும். அந்தச் சூடு கைக்குத் தெரிவதுதான் வேலை சரியாக நடந்திருக்கிறது என்பதற்குச் சான்று.

இனி இரண்டாவது கேள்வி: வாங்குபவரிடம் சொன்னது என்ன? இங்கேதான் மலிவு டார்ச் உலகம் முழுவதுமே தலைகுனிய வேண்டும். 'க்ரீ எக்ஸ்எம்-எல் டி6' என்ற சொற்கள் எத்தனையோ பெட்டிகளில் அச்சாகியிருக்கின்றன. எக்ஸ்எம்-எல் என்பது அமெரிக்காவின் க்ரீ நிறுவனம் 2010-இன் இறுதியில் வெளியிட்ட எல்.இ.டி. டி6 என்பது அதன் வெளிச்சத் தரத்தைக் குறிக்கும் குறியீடு. 700 மில்லியாம்பியரில் குறைந்தது 280 லுமென் என்று பொருள். அந்த எல்.இ.டி.யின் உச்சவரம்பான 3 ஆம்பியரில், ஏறத்தாழ 10 வாட்டில், சுமார் 1,000 லுமென் கிடைக்கும் என்று க்ரீயே சொன்னது. அதுவும் எல்.இ.டி.யின் மேற்பரப்பில், ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் தின்னும் பங்கைக் கழித்துவிட்டால் டார்ச்சின் வாயிலிருந்து வெளிவருவது இன்னும் குறைவு. அப்படியிருக்க, ஒரே ஒரு டி6 எல்.இ.டி. கொண்ட டார்ச்சின் பெட்டியில் 2,000 என்றோ, 5,000 என்றோ, ஐந்து இலக்கத்திலோ அச்சிடுபவருக்குத் தான் விற்பது என்னவென்று தெரியாமல் இருக்க முடியாது. போதாததற்கு, லாட்டிஸ்பிரைட் என்ற சீன நிறுவனத்தின், எக்ஸ்எம்-எல் போலவே தோற்றமளிக்கும் குறைந்த வெளிச்சமுள்ள எல்.இ.டி.யைப் பொருத்திவிட்டு க்ரீ என்று எழுதுவதும் மலிவுச் சந்தையில் சாதாரணம்.

பெட்டியில் உள்ள எண்ணைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வால்மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ஒரு முனையைச் செல்லின் எதிர்முனையிலும் மறுமுனையைக் குழாயின் வண்ணப்பூச்சு இல்லாத விளிம்பிலும் தொட்டால், டார்ச் எரியும். செல்லிலிருந்து ஓடும் மின்னோட்டம் திரையில் தெரியும். மீட்டரோடு வரும் மெல்லிய கம்பிகளே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும் என்பதால், குட்டையான தடித்த கம்பிகளைப் பயன்படுத்துவது நல்லது. 10,000 லுமென் என்று அச்சிட்ட, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு ஜூம் டார்ச்சை இப்படிச் சோதித்தபோது, ஓடியது ஓர் ஆம்பியரைக்கூட எட்டவில்லை. 4 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் என்றால் 4 வாட். வாட்டுக்கு 120 லுமென் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் 500க்கு மேல் போக வழியில்லை. இயற்பியலின் இந்த எளிய கூட்டல் கழித்தலை வாங்குபவர் செய்யமாட்டார் என்ற நம்பிக்கையின் மீது ஒரு தொழிலே நடந்துகொண்டிருப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

ஆயினும் லுமென் பொய்யால் கெடுவது பணம் மட்டுமே. செல்லைப் பற்றிய பொய் அப்படிப்பட்டதல்ல. அல்ட்ராஃபயர் என்ற பெயரைத் தாங்கிய 18650 செல்கள் 5,000, 6,800, 9,800 எம்.ஏ.எச். என்ற எண்களோடு ஆண்டுக்கணக்காக விற்கப்பட்டு வருவதை இணையத்தில் டார்ச் வாங்கும் அனைவரும் பார்த்திருப்பார்கள். பானாசோனிக், சாம்சங், எல்ஜி போன்ற, செல்லைத் தாமே தயாரிக்கும் நிறுவனங்கள் அந்த அளவுள்ள உருளைக்குள் அடைக்க முடிந்தது 3,500 எம்.ஏ.எச். சுற்றுவட்டாரம்தான், மிக அண்மையில் வந்தவை அதைவிடச் சற்றே கூடுதல். 9,800 என்பது தவறிப்போன அச்சுப்பிழை அல்ல, அத்தகைய செல்லே உலகில் இல்லை. இந்த எண்களோடு வருபவற்றை ஆர்வலர்கள் சோதித்தபோது, அச்சிட்டதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாதவை வெளிப்பட்டன. பழைய மடிக்கணினி பேட்டரிகளிலிருந்து உருவி எடுத்துப் புது உறை மாட்டியவை உண்டு. பெரிய உருளைக்குள் சிறிய செல் ஒன்றை வைத்து மீதி இடத்தைப் பொடியால் நிரப்பியவையும் உண்டு. சமையலறைத் தராசில் வைத்தாலே பல வேளைகளில் உண்மை தெரிந்துவிடும். நல்ல 18650 ஒன்று 45 கிராமுக்குக் குறையாது. 30 கிராம் காட்டும் செல்லை டார்ச்சுக்குள் போடவே கூடாது.

ஏன் இவ்வளவு கடுமை என்றால், லித்தியம் அயன் செல் தவறாக நடத்தப்பட்டால் எரியும். பாதுகாப்புச் சுற்று இருப்பதாக உறையில் எழுதியிருந்து உள்ளே இல்லாமல் போனால், டார்ச் அந்தச் செல்லை அடிமட்டம் வரை வடித்துவிடும். அப்படி வடிந்த செல்லை மறுபடி சார்ஜரில் போடுவது ஆபத்து. இரண்டு செல்களை வரிசையாக அடுக்கும் டார்ச்சுகளில் நிலைமை இன்னும் மோசம்: ஒன்று முன்னதாகத் தீர்ந்துபோக, மற்றொன்று அதைத் தலைகீழாக இயக்கத் தொடங்கும், இறுக மூடிய உலோகக் குழாய்க்குள் வாயு வெளியேறினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வடிவத்தை நகலெடுத்ததற்காக ஒரு நிறுவனத்தை மன்னிக்கலாம். குழந்தைகள் கையாளும் ஒரு பொருளுக்குள் வைக்கும் செல்லின் மீது பொய்யான எண்ணை அச்சிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நிறுவனத்துக்காக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அல்ட்ராஃபயர் என்ற பெயரை ஒட்டி வருபவை எல்லாமே அவர்களிடமிருந்து வருபவை அல்ல. ஒரு ஏஏ செல்லில் எரியும் சிபிக் எஸ்கே68 என்ற சிறிய ஜூம் டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துச் செய்த நகல்கள் கணக்கில் அடங்காது. அவற்றுள் பலவற்றில் அல்ட்ராஃபயர் என்ற பெயர் பொறித்திருக்கும். அவற்றில் எது யார் செய்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லவே முடியாது. நகலெடுத்தவரின் பெயரே இன்னொருவரால் நகலெடுக்கப்படும் நிலை. ஆனால் இது ஒரு நிறுவனத்தின் பொறுப்பை முழுவதும் துடைத்துவிடாது. எண்ணை நேர்மையாக அச்சிடும் வழக்கம் தொடக்கத்திலேயே இருந்திருந்தால், பொய்யான எண்ணே போலியைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

மலிவு விலையிலேயே நேர்மையாக இருக்க முடியும் என்பதற்குக் கான்வாய் எஸ்2 ப்ளஸ் டார்ச் நல்ல உதாரணம். ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம், ஒரே ஒரு 18650, எந்த அலங்காரமும் இல்லாத குழாய். இதன் தோற்றத்திலும் யாரும் பார்த்திராத புதுமை ஏதுமில்லை. ஆனால் விற்பனைப் பக்கத்தில் எந்த எல்.இ.டி., அதன் தரக்குறியீடு என்ன, ஒளியின் நிறம் எது, எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சுற்று எத்தனை ஆம்பியர் தரும் என்பவையே முன்னால் நிற்கும். லுமென் கூச்சல் இருக்காது. அந்த டிரைவரில் ஒவ்வொன்றும் 350 மில்லியாம்பியர் தரும் 7135 சில்லுகள் எட்டு என்று சொன்னால் 2.8 ஆம்பியர் என்று வாங்குபவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், மீட்டரை வைத்துச் சரிபார்க்கவும் செய்யலாம். எல்.இ.டி. உட்கார்ந்திருக்கும் பித்தளைப் பகுதி தலைப்பகுதியின் மரையில் நேரடியாகத் திருகி இறங்குவதால், பி60க்குச் செய்ய வேண்டிய தகடு வேலையும் இதற்குத் தேவையில்லை. அடுத்து வந்த சோஃபிர்ன், வுர்க்கோஸ் போன்ற நிறுவனங்கள், ஆர்வலர்கள் எழுதிப் பொதுவில் வைத்த ஆண்ட்யூரில் என்ற டார்ச் மென்பொருளைத் தங்கள் டார்ச்சுகளில் ஏற்றி விற்கின்றன. அதுவும் நகல்தான், எழுதியவர்களே உரிமம் கொடுத்து, நிபந்தனை சொல்லி அனுமதித்த நகல்.

டார்ச்சின் எண்களை எப்படி அளப்பது என்பதற்கு அமெரிக்காவில் 2009-இல் வகுத்த எஃப்எல்1 என்ற தரவிதி இருக்கிறது. எரியவிட்டு 30 நொடிக்குப் பிறகே லுமென் அளக்க வேண்டும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரமே எரியும் நேரம். முழுநிலவின் ஒளிக்கு இணையான 0.25 லக்ஸ் விழும் தூரமே பீம் தூரம். முதல் நொடியில் பளிச்சென்று எரிந்து உடனே சூடாகி மங்கும் டார்ச்சுகளை இந்த 30 நொடி விதியே வெளிப்படுத்திவிடும். மலிவு நிறுவனங்களிலும் இதைப் பின்பற்றுபவை இன்று இருப்பதால், பின்பற்றாதவர்கள் விலையைச் சாக்குச் சொல்ல முடியாது.

502பியை யார் வாங்கலாம்? பி60 மாட்யூல்களை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அல்லது ஒரே குழாயில் மஞ்சள் ஒளி, வெள்ளை ஒளி, தொலைதூர பீம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் வெறும் குழாயாக வாங்கிக்கொள்ளலாம். கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாத உலோக வேலைப்பாடு அது. மாட்யூலைத் தனியாக, டிரைவரின் ஆம்பியரைச் சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள். செல்லும் சார்ஜரும் சேர்த்துத் தொகுப்பாக விற்கப்படுவதை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். எப்படியோ கைக்கு வந்துவிட்டால், அந்தச் செல்லைச் சார்ஜரில் ஒருமுறைகூடப் போடாமல், அதன் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி மின்கழிவு பெறுமிடத்தில் கொடுத்துவிடுங்கள். சாம்சங் 35இ, எல்ஜி எம்ஜே1 போன்ற 18650 செல் ஒன்றை நம்பகமான பேட்டரிக் கடையில் வாங்கிப் போடுங்கள்; மாட்யூலின் நடு ஸ்பிரிங்கே நேர்முனையைத் தொடுவதால் தட்டையான முனையுள்ள செல்லும் இதில் தடையின்றி வேலை செய்யும். சட்டைப் பையில் தனிச் செல்லைச் சாவிக்கொத்தோடு சேர்த்துப் போடாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரே ஒரு டார்ச் போதும், எதையும் கழற்றிப் பார்க்க நேரமில்லை என்பவருக்கு நான் 502பியைச் சொல்லமாட்டேன். அவர் எஸ்2 ப்ளஸ்ஸை வாங்கட்டும்.